குமுகாயக் கல்லூரியில் குமுகவியலுக்குப் பூட்டா?

ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கைத்தொழில் போதும்; எண்ணுந்தொழில் வேண்டா. இதுவே ஆள்வோர் உள்ளத்தில் நெடுங்காலமாக உறைந்து கிடக்கும் கல்விக் கொள்கை. இதனை இவ்வாறே வாய்விட்டுச் சொல்ல அவர்க்கு நாணம் உண்டு. ஆகலின், 'வேலைவாய்ப்பு' என்றும், 'திறன் வளர்ப்பு' என்றும், 'காலத்திற்கேற்ற கல்வி' என்றும் பல போர்வைகளை அதன்மேல் போர்த்துகின்றனர். போர்வையை விலக்கிப் பார்ப்பார்க்கு உள்ளே கிடப்பது தெற்றென விளங்கும். உழைப்பவன் மகன் உழைக்கக் கற்றுக்கொள்ளட்டும். அவ்வுழைப்பின் விளைவு யார் களஞ்சியத்திற்குப் போகின்றது என்று கேட்க மட்டும் அவன் கற்றுக்கொள்ள வேண்டா என்பதே அது.

இக்கொள்கை எவ்வாறு இயங்குகின்றது என்பதை ஓரிடத்தில் முழுமையாகக் காண விரும்புவோர், அமெரிக்க ஒன்றிய நாட்டின் குமுகாயக் கல்லூரிகளைக் காண்க. அங்குக் குமுகவியலுக்கு நேர்ந்தது அந்நாட்டார்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. அக்கல்லூரிகளின் பெயரும் அமைப்பும் கடல் கடந்து வந்து தமிழ்மண்ணிலும் ஊன்றப்பெற்றுவிட்டன. வந்தபோது எது வந்தது, எது வரவில்லை என்பதைத் தமிழர் அறிந்தாக வேண்டும்.

அடைக்கப்படாத வாயில்

குமுகாயக் கல்லூரி என்பது அவ்வவ் வட்டாரத்து மக்களுக்காக அவ்வவ் வட்டாரத்திலேயே அமைந்த ஈராண்டுக் கல்லூரி. கட்டணம் குறைவு, பள்ளிப் படிப்பை முடித்தவர் எவரும் சேரலாம். பகலில் உழைத்து மாலையில் படிப்போர், குழந்தையை வளர்த்துக்கொண்டே படிக்கும் தாய்மார், பிழைப்புத் தேடி வந்த வேற்று நாட்டார், படையினின்று திரும்பியோர் ஆகிய அனைவர்க்கும் அதுவே வாயில். அத்தகைய கல்லூரிகள் அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டு உள்ளன. அவற்றில் தொழிற்பயிற்சியும் உண்டு. ஈராண்டுப் படிப்பை முடித்து நான்காண்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டிற் சென்று சேர்வதற்கான பொதுக்கல்வியும் உண்டு. அப்பொதுக்கல்வியின் ஒரு தூண், குமுக அறிவியல்கள் எனப்படும் பொருளியல், அரசியல், உளவியல், மாந்தவியல், வரலாறு, குமுகவியல் ஆகியன.

இவை இடையிற் செருகப்பட்டவை அல்ல. அந்நாட்டுப் பொதுநிலைக் குமுகாயக் கல்லூரிகளுள் இன்றும் நிலவுவனவற்றில் மிகப் பழையது, இல்லினாய் மாநிலத்துச் சோலியட் நகரில் 1901-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் இரெய்னி ஆர்ப்பரும், சோலியட் உயர்நிலைப் பள்ளித் தலைவர் சுட்டான்லி பிரௌனும் கூடி அதனை அமைத்தனர். தொடக்கத்தில் மாணவர் அறுவர். பல்கலைக்கழகத்தின் முதலீராண்டுப் படிப்பை ஊர்ப்பள்ளியிலேயே தருவது அதன் நோக்கம். பல்கலைக்கழகத்தை உயராய்வுக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் எண்ணமும் ஆர்ப்பருக்கு இருந்தது உண்மையே. எனினும், சோலியட் மாணவர்க்குக் கிடைத்தது பல்கலைக்கழகத்தார் படித்த அதே படிப்பு. பெரியோர்க்கு ஒரு நூல், எளியோர்க்கு ஒரு நூல் என்னும் பிரிவினை அக்கல்லூரியின் பிறப்பிலேயே இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், குடியரசுத் தலைவர் துரூமன் 1946-இல் அமர்த்திய உயர்கல்விக் குழு, 1947-இல் தன் அறிக்கையை ஆறு மடலங்களாக அளித்தது. 'குமுகாயக் கல்லூரி' என்னும் பெயரை நாடெங்கும் வழங்கச் செய்தது அவ்வறிக்கையே. பள்ளிக்குப் பிற்பட்ட முதலீராண்டுக் கல்வி கட்டணமின்றி அனைவர்க்கும் கிடைத்தல் வேண்டும் என்றது. குடியாட்சி நிலைத்து நிற்க வேண்டுமாயின் தொழிற்கல்வியும் பொதுக்கல்வியும் பிணைந்தே வழங்கப்பெறல் வேண்டும் என்றும் அது வற்புறுத்தியது. கொடுங்கோலர் ஆட்சிகள் உலகைச் சுடுகாடாக்கியதைக் கண்ணாரக் கண்ட தலைமுறை எழுதிய அறிக்கை அது. வேலை தெரிந்த கைகளுக்குச் செருமனியில் குறைவில்லை. அக்கைகளை ஏவியவனைப் பார்த்து 'ஏன்?' என்று கேட்கும் வாய்களுக்கே குறைவிருந்தது என்பதை அத்தலைமுறை மறந்திருக்க முடியாது.

குமுகவியல் செய்யும் வேலை

'குமுகவியலால் என்ன ஆகும்?' என்று கேட்போர்க்கு, அது இதுவரை என்ன செய்துள்ளது என்பதே விடை.

கருப்பின அறிஞர் து போய்சு 1896-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டத்திற்குச் சென்றார். கருப்பர் மிகுதியாக வாழ்ந்த அவ்வட்டத்தில் வீடுவீடாக ஏறி இறங்கிக் குடும்பம், வருவாய், வாடகை, தொழில், கல்வி, நோய் ஆகியவற்றைக் கேட்டறிந்து கணக்கெடுத்தார். 1899-இல் அவ்வாய்வு நூலாக வெளிவந்தது. கருப்பர் ஏழ்மைக்கும் குற்றங்களுக்கும் அவர்தம் குருதியே கரணியம் என்று வெள்ளையர் பேசித் திரிந்த காலம் அது. தொழிற்சாலைக் கதவு அடைக்கப்பட்டமையும், கூடுதல் வாடகை கறக்கப்பட்டமையும், அடிமைத்தனம் விட்டுச்சென்ற சிதைவுமே கரணியங்கள் என்பதை அந்நூல் புள்ளி புள்ளியாகக் காட்டியது. பழி சுமத்தப்பட்டவன் கையில் சான்று வந்து சேர்ந்தது. குமுகவியல் என்பது இதுதான்.

சி. இரைட்டு மில்சு என்னும் பேராசிரியர் 1959-இல் எழுதிய நூலில், தனியொருவன் துன்பத்தையும் பொதுச்சிக்கலையும் பிரித்தறியும் ஆற்றலே குமுகவியல் தரும் பேறு என விளக்கினார். ஓர் இலக்கம் மக்கள் வாழும் நகரில் ஒருவனுக்கு மட்டும் வேலையில்லையெனில் அவன் பண்பையும் திறனையும் ஆராயலாம். ஐந்து கோடி உழைப்பாளருள் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலையில்லையெனில், அந்நாட்டின் பொருளமைப்பையே ஆராய்தல் வேண்டும். இவ்வொரு வேறுபாட்டை உணர்ந்த தொழிலாளி தன் தலையில் தானே அடித்துக்கொள்ள மாட்டான். உணராத தொழிலாளியோ, ஆலை மூடப்பட்ட நாளிலும் தன் தலையெழுத்தையே நொந்துகொண்டு வீடு திரும்புவான். ஆலையை மூடியவனுக்கு இதைவிட நல்ல காவல் வேறு என்ன வேண்டும்?

குமுகாயக் கல்லூரியிலேயே இக்கல்வி எத்தகைய கனலை மூட்ட வல்லது என்பதற்கும் சான்று உண்டு. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்து மெரிட்டுக் கல்லூரியில் 1960-களில் படித்த கருப்பின மாணவர், தம் இனத்து வரலாறு பாடத்தில் இடம்பெறல் வேண்டும் என்று போராடினர். அக்கல்லூரியிற் படித்த இயூயி நியூட்டனும் பாபி சீலும் 1966-இல் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தோற்றுவித்தனர். அக்கட்சியின் வழிமுறைகளை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால், ஏழைக் கல்லூரியின் வகுப்பறையில் தன் மக்கள் வரலாற்றைக் கேட்டுப் பெற்ற இளைஞன், அதன்பின் பழைய பணிவோடு தெருவில் நடக்கவில்லை என்பதை எவரும் மறுக்க இயலாது. ஆள்வோர் அஞ்சுவதும் இதனையே.

கல்லூரியையே ஆய்ந்த கண்

குமுகவியலின் பெருமை அது பிறரை மட்டும் ஆய்வதில் இல்லை; தன்னைத் தாங்கிய கல்லூரியையும் அது ஆய்ந்தது. பர்ட்டன் கிளார்க்கு என்னும் குமுகவியலார் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரத்து ஈராண்டுக் கல்லூரியை ஆய்ந்து 1960-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். வாயில் அனைவர்க்கும் திறந்திருக்கின்றது, பல்கலைக்கழகம் செல்லும் கனவோடு பலர் நுழைகின்றனர், மிகப்பலர் செல்வதில்லை. எனினும் அவர்கள் கிளர்ந்தெழுவதும் இல்லை. ஏன்? நுழைவின்போதே ஒரு தேர்வு. பின்னர் அறிவுரையாளரோடு நேர்காணல். 'கல்லூரிக்கு அறிமுகம்' என்று ஒரு வகுப்பு. மதிப்பெண் குறைந்தால் எச்சரிக்கை ஓலை. மேலும் குறைந்தால் கண்காணிப்பு நிலை. இவ்வாறு படிப்படியாக, 'உனக்கு ஏற்றது குறுந்தொழிற் பயிற்சியே' என்று மாணவன் தானே ஒப்புக்கொள்ளும்வரை அவன் கனவு மெல்ல மெல்லத் தணிக்கப்படுகின்றது.

'தணித்தல்' என்னும் அச்சொல்லைக் கிளார்க்கு எங்கிருந்து எடுத்தார் என்பதே இதன் உச்சம். எர்விங்கு கோப்மன் என்னும் அறிஞர் 1952-இல் எழுதிய கட்டுரையில் ஏய்ப்பவர் கூட்டத்தின் வழக்கம் ஒன்றை விளக்கியிருந்தார். ஒருவன் பொருளைப் பறித்தபின், அக்கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன் ஏமாந்தவனோடு உடன் தங்கி, அவன் காவலரிடம் ஓடாதவாறு இன்சொற் கூறித் தேற்றுவான், அதுவே தணித்தல். கல்லூரியின் ஒரு வேலைக்கு ஏய்ப்பவர் வழக்கிலிருந்து பெயர் எடுக்க வேண்டியிருந்தது! கிளார்க்கு இதனைக் கடிந்துரைக்கவில்லை. எல்லாரையும் உள்ளே விடும் கல்லூரிக்கு இது தவிர்க்க இயலாத பணி என்ற அளவிலேயே விளக்கினார். கடிந்துரைத்தவர் பின்னர் வந்தனர். செரோம் கராபெல் 1972-இல் எழுதிய கட்டுரையும், அவரும் இசுட்டீவன் பிரின்றும் இணைந்து 1989-இல் வெளியிட்ட நூலும், எளியோர் பிள்ளைகளைக் கீழ்நிலை வேலைகளை நோக்கித் திருப்பிவிடும் மடையாக இக்கல்லூரிகள் மாறியதை எடுத்துக்காட்டின.

இந்நிலை பழைய நிலை அன்று. 2015-ஆம் ஆண்டு இலையுதிர் பருவத்தில் அந்நாட்டுக் குமுகாயக் கல்லூரிகளில் முதன்முதலாகச் சேர்ந்தோரை ஆறாண்டுகள் பின்தொடர்ந்து எடுத்த கணக்கு 2024-இல் வெளிவந்தது. நான்காண்டுக் கல்லூரிக்கு மாறிச் சென்றோர் மூவரில் ஒருவரினும் சற்றுக் குறைவு. இளநிலைப் பட்டம் பெற்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேர். எஞ்சிய 84 பேரும் சோம்பேறிகளா? அறிவிலிகளா? அன்று. வேலைநேரம், வாடகை, குழந்தை காப்பு, கல்லூரி மாறும்போது செல்லாமற்போகும் மதிப்பெண் அலகுகள் ஆகிய வலைகளுட் சிக்கியோர் அவர்களுள் பலர். வலைக்கு வலை என்று பெயரிட்டுக் காட்டும் கல்வி குமுகவியல். அக்கல்வியும் இல்லையெனில், வலையுட் கிடப்பவன் தன் சிறகையே குறை கூறிக்கொண்டிருப்பான்.

புளோரிடாவில் நேர்ந்தது

இனி, அண்மைக் காலத்து நிகழ்ச்சிக்கு வரலாம். புளோரிடா மாநிலத்தில் அரசுக் கல்லூரிகள் 28. குமுகாயக் கல்லூரிகளாக வளர்ந்தவை அவை. அங்கு ஈராண்டு இணைப்பட்டத்திற்குரிய 60 அலகுகளுள் 36 அலகுகள் பொதுக்கல்வி. அப்பொதுக்கல்வியின் ஐந்து துறைகளுள் குமுக அறிவியல் ஒன்று. அத்துறைக்கென அறுதியிட்ட ஆறு அடிப்படைப் பாடங்களுள் ஒன்றையேனும் ஒவ்வொரு மாணவரும் படித்தாக வேண்டும். குமுகவியல் அவ்வாறனுள் ஒன்றாக இருந்தது.

2023-ஆம் ஆண்டு அம்மாநிலத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. இனவொதுக்கலும் பெண்ணொடுக்கலும் அந்நாட்டின் அமைப்புகளிலேயே ஊறியுள்ளன என்றும், ஏற்றத்தாழ்வை நிலைநிறுத்தவே அவை உண்டாக்கப்பட்டன என்றும் உரைக்கும் கோட்பாடுகளை அடிப்படையாகக் கொண்ட எப்பாடமும் பொதுக்கல்வியின் அடிப்படைப் பாடமாக இருத்தலாகாது என்று அச்சட்டம் விதித்தது. 2024-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், முதலில் 28 கல்லூரிகளை ஆளும் மாநிலக் கல்வி வாரியமும், பின்னர் 12 அரசுப் பல்கலைக்கழகங்களை ஆளும் குழுவும் குமுகவியலை அடிப்படைப் பாடப் பட்டியலினின்று நீக்கின. அதனிடத்தில் 1877-ஆம் ஆண்டுவரையிலான அமெரிக்க வரலாறு வைக்கப்பெற்றது. அதற்குப் பிற்பட்ட கால வரலாறோ முன்பே பட்டியலில் இருந்தது. அமெரிக்கக் குமுகவியலார் கழகம் எதிர்ப்புரைத்தது; பயன் விளையவில்லை.

'பாடத்தை அழிக்கவில்லையே! விரும்புவோர் இன்றும் படிக்கலாமே!' என்று ஆணையிட்டோர் பேசினர். விருப்பப் பாடமாக அது நீடிக்கலாம் என்பது மெய்யே. ஆயின், இரண்டு வேலை பார்த்துக்கொண்டு, ஒவ்வோர் அலகுக்கும் கட்டணம் கட்டிப் படிக்கும் ஏழை மாணவி, பட்டத்திற்கு அடிப்படையென எண்ணப்படாத பாடத்தைத் தேடிப் படிக்கும் நிலையில் இருக்கின்றாளா? கிணற்றைத் தூர்க்கவில்லை, கயிற்றை மட்டுமே அறுத்தோம் என்பது போன்ற பேச்சு இது. செல்வர் பிள்ளை படிக்கும் தனியார் பல்கலைக்கழகங்களை இவ்வாணை தொடவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கயிறறுந்த கிணறு பொதுமக்கள் கிணறே.

தடை கூறுவார்க்கு விடை

'குமுகவியல் படித்தால் வேலை கிடைக்குமா?' என்பது முதல் தடை. ஈராண்டுக் குமுகவியல் மட்டும் படித்தவர்க்கு வாயிலில் வேலை காத்திருக்கும் என்று எவரும் பொய்யுரைக்க வேண்டுவதில்லை. ஆனால், இணைப்பட்டம் பெற்றோர் செல்லும் வேலைகள் யாவை? செவிலியர் பணி, குழந்தை வளர்ப்புப் பணி, காவற்பணி, அலுவற்பணி. இவை அனைத்தும் மாந்தரோடு பழகும் பணிகள் அன்றோ? அந்நாட்டிலேயே மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் 2015 முதல் உளவியலையும் குமுகவியலையும் தழுவிய தனிப்பகுதி ஒன்று சேர்க்கப்பெற்றுள்ளது. நோயாளியின் வறுமையையும் வாழ்விடத்தையும் அறியாதவன் நல்ல மருத்துவனாகான் என்று உணர்ந்தே அவ்வாறு செய்தனர். மருத்துவனாகப் போகின்றவனுக்கு வேண்டப்படும் அறிவு, அம்மருத்துவன் அருகில் நிற்கும் செவிலிக்கு மட்டும் வேண்டாவா?

'இவை ஓய்வுடையார் படிப்பு, பசித்தவனுக்கு எதற்கு?' என்பது இரண்டாம் தடை. ஓய்வுடையார் எதைப் படிக்கின்றனர் என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் 1920-களின் தொடக்கம் முதல் மெய்யியல், அரசியல், பொருளியல் மூன்றையும் இணைத்த படிப்பு நடந்து வருகின்றது. வில்சன், ஈத்து, கேமரூன், சுனக்கு ஆகிய தலைமையமைச்சர்கள் அதனைப் படித்தவர்கள். ஆள்பவன் குமுக அறிவியல் படித்து ஆளக் கற்கின்றான். ஆளப்படுபவனுக்கு அது வீண் என்று அறிவுரைக்கின்றான்! வீணானதை அவன் தன் பிள்ளைக்கு ஏன் ஊட்டுகின்றான்? பொருளியல் அறியாதவன் வட்டிக்காரன் சொன்னதே கணக்கு என்பான். அரசியல் அறியாதவன் மேடையிற் சொன்னதே சட்டம் என்பான். வரலாறு அறியாதவன் நேற்று வந்த வழக்கத்தை என்றும் உள்ள இயற்கை என்பான். இம்மூவரும் பசித்தவர்களே. பசியாற்றுவது தொழில், பசிக்குக் கரணியம் காட்டுவது குமுகவியல். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது சூழ்ச்சி.

'அப்பாடம் ஒருசார்பானது' என்பது மூன்றாம் தடை. புளோரிடாவில் இதுவே ஓங்கி ஒலித்தது. ஒரு பாடம் ஒருபுறம் சாய்ந்திருப்பின், மறுபுறக் கருத்தையும் வகுப்பில் வைத்து மாணவர் முன்னிலையிற் பொருதவிடுவதே அறிவுடையார் செய்கை. துலாக்கோல் சாய்ந்தால் நிறுத்துச் செப்பம் செய்வர். தூக்கி எறிந்துவிட்டுக் கடைக்காரன் கையெடையே போதும் என்னார். எல்லாக் கோட்பாட்டையும் ஆராய இடந்தருவது கல்வி; எந்தக் கோட்பாட்டை ஆராயலாகாது என்று சட்டமன்றம் பட்டியலிடுவது கல்வியன்று.

தமிழ்மண்ணிற்கு வந்தது எது?

இவ்வமைப்பு தமிழ்மண்ணிற்கு அருகில் முதலில் வந்தது 1995-இல். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு குமுகாயக் கல்லூரியை நிறுவியது. 1996-இல் கத்தோலிக்கத் திருச்சவையார் சென்னையில் ஒன்றைத் தொடங்கினர். சேவியர் அல்போன்சு அடிகளாரின் முயற்சியால் அவை நாடெங்கும் பரவின. பின்னர், 2012-இல் தொடங்கிய பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், பல்கலைக்கழக நல்கைக் குழுவும் இத்திட்டத்தைக் கைக்கொண்டது. அரசு இதற்கு வழங்கும் பெயர் 'சமுதாயக் கல்லூரி'. பள்ளியை இடையில் விட்டோர்க்கும் ஏழைப் பெண்டிர்க்கும் ஒடுக்கப்பட்டோர்க்கும் ஒரு வாயில் திறத்தல் வேண்டும் என்று தொடங்கியோரின் நோக்கம் போற்றத்தக்கதே. அதனைக் குறை கூறுவார் நன்றி மறந்தோராவர்.

ஆயின், வந்த அமைப்பில் ஒரு கால் இல்லை. அமெரிக்கக் கல்லூரிக்கு இரண்டு கால்கள்: ஒன்று தொழிற்பயிற்சி, மற்றொன்று பல்கலைக்கழகத்திற்கு ஏற்றிச் செல்லும் பொதுக்கல்வி. இங்கு ஊன்றப்பெற்றது பெரிதும் முதற்காலே. வாழ்க்கைத் திறன், தொழில்திறன், பணியிடப் பயிற்சி, வேலைக்கு அணியமாதல் என்னும் நான்கு பகுதிகளாகப் பாடத்திட்டம் அமைந்தது. நல்கைக் குழுவின் நெறிமுறையில் ஆறு பங்கு தொழில்திறனுக்கும் நான்கு பங்கு பொதுக்கல்விக்கும் ஒதுக்கப்பெற்றன. பொதுக்கல்விக்கு இடமே இல்லை என்று சொல்வது பொய்யாகும். ஆனால், அந்நான்கு பங்கினுள் குமுகவியலுக்கும் பொருளியலுக்கும் அரசியலுக்கும் உறுதியான இருக்கை எங்கே? பேச்சுத்திறனும் கணினிப் பழக்கமும் பொதுக்கல்வி என்னும் பெயரால் அவ்விடத்தை நிரப்பிவிடின், அதுவும் தொழிற்பயிற்சியின் மற்றொரு முகமே. அமெரிக்காவில் இருந்த கண்ணைப் பிடுங்க முயல்கின்றனர். இங்கோ பிறக்கும்போதே கண்ணில்லாப் பிள்ளையைப் பெற்றுக் கையின் வலிமையைப் பாராட்டிக்கொண்டிருக்கின்றனர்.

தமிழ் உழைப்பாளிக்குக் குமுகவியல் புதிதன்று. கல்லூரி அவனுக்கு எட்டாத காலத்திலேயே அவன் அதனைத் தேடிக் கற்றான். 1907-இல் அயோத்திதாசர் சென்னையில் ஓர் இதழ் தொடங்கி, சாதி எங்கிருந்து வந்தது என்னும் வினாவைக் கூலியாள் குடிசைவரை கொண்டு சேர்த்தார். பின்னர் ஊர்தோறும் எழுந்த படிப்பகங்களிலும், தேநீர்க் கடைகளிலும், முடிதிருத்தகங்களிலும் எழுத்தறிந்த ஒருவன் இதழை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பதின்மர் கேட்டு வழக்காடினர். பட்டமும் இல்லை, மதிப்பெண் அலகும் இல்லை. ஆனால் கோயில் தெருவில் ஏன் நடக்கலாகாது என்றும், நிலம் யாருடையது என்றும், தன் மொழி ஏன் தாழ்ந்தது என்றும் கேட்கும் துணிவு அங்கே பிறந்தது. தமிழ்நாட்டின் உண்மையான முதற் குமுகாயக் கல்லூரிகள் அவையே. அவற்றின் பேரன்மார்க்கு ஊர்தி பழுதுபார்க்கக் கற்பித்து, அக்கேள்விகளை மட்டும் மறக்கடித்து அனுப்புவது எவ்வகை வளர்ச்சி?

மொழித் தடையையும் ஈண்டுக் கூறி முடித்தல் வேண்டும். குமுகவியல் தமிழில் நடவாது என்பார் இன்றும் உளர். பொருளியல், அரசியல், உளவியல், மாந்தவியல் என்று துறைப்பெயர்கள் தமிழிலேயே உள்ளன. கூலி, குத்தகை, வட்டி, வாரம், வரி, சாதி, குடி, ஊர், மன்றம் என்று அத்துறைகள் ஆராயும் பொருள்களுக்குத் தமிழன் வாயில் வழங்கும் சொற்களும் உள்ளன. தன் தெருவை ஆராயும் கல்வியை, அத்தெருவில் எவரும் பேசாத மொழியிற் படி என்பது மாணவனைத் தன் தெருவிலேயே வேற்றாளாக்குவது. வேறெந்தப் பாடத்திற்குத் தாய்மொழி வேண்டுமோ வேண்டாவோ, தன் மக்களை ஆராயும் பாடத்திற்கு அதுவின்றிக் கண் திறவாது.

செய்யத்தக்கன

முதலாவது, தமிழ்நாட்டுக் குமுகாயக் கல்லூரிகளின் ஒவ்வொரு தொழிற்படிப்பிலும் தமிழில் அமைந்த குமுக அறிவியல் பாடம் ஒன்று கட்டாயமாதல் வேண்டும். கூலிச் சட்டமும், ஊராட்சியின் இயக்கமும், கடனும் வட்டியும், சாதியின் வரலாறும், பெண்ணின் உழைப்பும் அதன் உள்ளடக்கமாகலாம். தேர்வுக்கு நெட்டுருப் போடும் பாடமாக அன்றி, தம் தெருவை வீடுவீடாகக் கணக்கெடுக்கும் பாடமாக அஃது அமைதல் வேண்டும்; து போய்சு ஏழாம் வட்டத்திற் செய்ததைத் தையற்பயிற்சி பெறும் பெண்ணும் தன் குடியிருப்பிற் செய்ய இயலும்.

இரண்டாவது, இக்கல்லூரியில் முடித்தவர் விரும்பினால் பட்டப்படிப்பின் இடையாண்டில் தடையின்றிச் சேரும் வழி வகுக்கப்பெறல் வேண்டும். பெற்ற அலகுகள் ஒன்றும் வீணாதல் கூடாது. ஏணி வைத்த பின்னர் மேற்படிகளை அறுத்து வைப்பது ஏணியன்று, ஏய்ப்பு.

மூன்றாவது, இப்பாடத்தைக் கற்பிப்போர் நிலையான ஊதியமும் உரிமையும் உடையோராதல் வேண்டும். அமெரிக்கப் பொதுநிலைக் குமுகாயக் கல்லூரி ஆசிரியருள் பெரும்பான்மையோர் பகுதிநேரத்தாரே. நாளை வேலை உண்டா என்று அஞ்சும் ஆசிரியன் மாணவனுக்கு எவ்வாறு அஞ்சாமையைக் கற்பிப்பான்?

தொழிற்கல்வியைத் தமிழர் இகழ வேண்டுவதில்லை. உழவும் தச்சும் நெசவும் கொல்லும் வளர்த்த இனம் கைத்தொழிலை இகழ்ந்தால் தன்னையே இகழ்ந்ததாகும். தறியில் அமர்ந்தவன் துணியை நெய்யட்டும். அத்துணி எந்நாட்டுச் சந்தையில் என்ன விலைக்குப் போகின்றது, தன் கைக்கு ஏன் இவ்வளவே வருகின்றது என்பதையும் அவனே கணக்கிடட்டும். அக்கணக்கைப் போடத் தெரிந்தவனை எவனாலும் தணிக்க முடியாது. புளோரிடாவில் அறுக்கப்பட்ட கயிறு தமிழ்நாட்டுக் கிணற்றில் இன்னும் கட்டப்படவே இல்லை. கட்டும் கடமை தமிழருடையது. அதனை அவர்க்காகப் பிறர் வந்து கட்டித் தருவாரென்று காத்திருத்தல் அறியாமை.